மூன்று படிக்கு எட்டு மீற்றர்

“அக்கா, மூண்டு படிக்கு எட்டு மீற்றர் வேணும்,” என்றான் தோட்டவேலை செய்யும் ஜெசிந்தன், அளவுநாடாவைச் சுருட்டாமலே.

“அவ்வளவு நீளம் என்னத்துக்கு?”

“சாய்வுப்பாதையைச் செங்குத்தாய் விட்டால் றோலாட்டர் உங்களை விட்டிட்டு முதல் போயிடும்.”

நாலு சில்லு வைத்த அந்த நடைவண்டியைப் பிடித்தபடி கதவடியில் நின்ற கொறற்றி சிரித்தாள். ஜேர்மனியின் கெல்சென்கிர்ச்சனில் அறுபதுகளில் கட்டிய ஒற்றைத் தட்டு வீடு. பழுப்புச் சுவரும் ஆள் மறைக்கும் தூயாச் செடிவேலியுமாக வருடக்கணக்கில் முகம் காட்டாமல் கிடந்ததற்கு இப்போதுதான் விடிவு. சுவர் வெள்ளையாகிவிட்டது. வேலியும் போய்விட்டது. மிச்சம் முன்முற்றம். நவம்பரில் பாரிசவாதம் வந்து இடதுகால் இழுத்ததிலிருந்து, யாராவது கைபிடித்தால்தான் அவள் அந்த மூன்று படியையும் இறங்கலாம். கணவன் அலோசியஸ் வேலைக்குப் போய்விட்டால் பொழுதுபட அவன் வரும்வரைக்கும் உள்ளேதான்.

“சாய்வுப்பாதை வேண்டாம். படி இருக்கட்டும்,” என்றான் அலோசியஸ், முற்றத்தில் நின்று. “முத்தத்தின்ரை வடிவு போயிடும்.”

இதையே அவன் மூன்றாவது தடவை சொல்கிறான்.

“தம்பி, தெருவிலை நிக்கிற உன்ரை வானுக்குள்ளை எடுக்க ஏதும் இருந்தால் எடுத்துக்கொண்டு வாவன்,” என்றாள் கொறற்றி.

“எல்லாம் இஞ்சை இருக்கக்கா...” என்றவன் அவள் முகத்தைப் பார்த்தான். “ஓமோம், ஒரு சாமான் கிடக்கு.”

அவன் வானுக்குள் ஏறும்வரை கொறற்றி பொறுத்தாள்.

“உண்மையைச் சொல்லுங்கோ. றோலாட்டரோடை நான் தெருவிலை போறது உங்களுக்கு வெக்கம்தானே?”

“என்ன விசர்க் கதை கதைக்கிறாய்!”

“அப்ப ஏன் மறிக்கிறியள்?”

அலோசியஸ் வெட்டுப்பட்ட தூயா அடிக்கட்டைகளின் பக்கம் கைகாட்டினான்.

“அந்த இடம் மாதாவுக்கு.”

“எந்த இடம்?”

“முத்தம். நீ ஆஸ்பத்திரியிலை, இன்டென்சீவிலை கிடக்கேக்கை நேர்த்தி வச்சனான். இவள் எழும்பி நடந்தால், தெருவிலை போறவையெல்லாம் காண, வாசல்லை கல்லாலை குகை மாதிரி மாதாவுக்கொரு கெபி கட்டுவன் எண்டு. எட்டு மீற்றர் பாதையும் வந்தால் கெபிக்கு எங்கை இடம்?”

“ஏன் எனக்குச் சொல்லேல்லை?”

“நேர்த்தி முடியுமட்டும் வாய் திறக்கக்கூடாதெண்டு அம்மா சொல்லுவா. மாதாவின்ரை சுருபமும் எடுத்திட்டன். கராஜுக்குள்ளை, குளிர்கால ரயருகளுக்குப் பின்னாலை, போர்வை சுத்தி வச்சிருக்கிறன்.”

“போர்வை ஒண்டைக் காணேல்லையெண்டு நான் வீடு முழுக்கத் தேடினனான்!”

“மாதாவைச் சும்மா வைக்கேலுமோ?”

கொறற்றிக்குக் கோபத்தைப் பிடித்து வைத்திருக்க முடியவில்லை. மனுசன் தன்னைக் கண்டு கூசுகிறான் என்றல்லவா இத்தனை நாளும் சோறு இறங்காமல் இருந்தாள்! இவனோ உள்ளே ஒரு மலையையே சுமந்துகொண்டு திரிந்திருக்கிறான்.

“இஞ்சேருங்கோ, நேர்த்தி ஆருக்காக வச்சது?”

“உனக்காகத்தான்.”

“என்னை எழும்பி நடக்க வச்ச மாதா, நட, ஆனால் கதவோடை நில் எண்டு சொல்லுவாவோ?”

“சொன்ன சொல்லு கொறற்றி. மாத்தேலாது.”

“உங்களுக்கு ஏலாது. எனக்கு ஏலும். கெபியைப் பின்வளவிலை கட்டலாமோ எண்டு பங்குச் சுவாமியிட்டை நான் கேக்கிறன்.”

“ரெலிபோனிலை கேக்கிற விசயமே இது?”

“ஆர் ரெலிபோன் எண்டது? கோயில் இந்தத் தெருத் தொங்கலிலைதானே கிடக்கு. ஒருத்தற்றை கையும் பிடிக்காமல் நானே நடந்து போய்க் கேப்பன். அதுக்கு முதல் இந்தப் படி போகவேணும்.”

அலோசியஸ் தலையைச் சொறிந்தான்.

“மாதா கோவிச்சால்?”

“கோவிச்சால் வந்து கேக்கட்டும். படியுமிராது, நேரை உள்ளுக்கை வரலாம்.”

சிரிக்கக்கூடாது என்று அவன் உதட்டைக் கடித்துப் பார்த்தான், சரிவரவில்லை. சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு, தெருவில் வான் நின்ற பக்கம் திரும்பிக் கூப்பிட்டான்.

“தம்பி ஜெசிந்தன்! ஒளிச்சிருந்தது காணும். பாதையை எந்த இடத்திலை வளைக்கிறாய் எண்டு வந்து காட்டு.”