ஓரக்கண்ணால் ஒரு போர்வை

துணித்துண்டைக் காதுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, ஜன்னலைப் பார்த்தபடி தரையில் உட்கார்ந்திருந்தாள் அக்கா. தெரியாதவர்கள் பார்த்தால், துணி ஏதோ ரகசியம் சொல்கிறது, இவள் காது கொடுத்துக் கேட்கிறாள் என்றுதான் நினைப்பார்கள். கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டு, சம்மதம் சொல்வதுபோலத் தலையை ஆட்டி, அந்தத் துண்டை எதிரே விரித்திருந்த வெள்ளைப் படுக்கைவிரிப்பின் மேல் வைத்தாள். வைத்த இடத்தை உள்ளங்கையால் மெதுவாகத் தட்டினாள். பிறகு அடுத்த துண்டு காதுக்குப் போயிற்று.

தையல் மிஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த தங்கை அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அக்கா வைத்தது சாணிப் பழுப்பு. பக்கத்தில் இருந்தது மிட்டாய் ரோஜா. அதை ஒட்டி ஒரு பாட்டில் பச்சை, அதற்கும் அந்தப்பக்கம் ஆரஞ்சுக் கோடு போட்ட சட்டைத்துணி. ஒன்றுக்கொன்று ஆகாத நான்கு பேரை ஒரே பெஞ்சில் நெருக்கி உட்கார வைத்ததுபோல இருந்தது. 

அந்தக் குடியிருப்பில் இவர்கள் இருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் கிடையாது. அக்கா கத்திரி, தங்கை ஊசி. அக்கா திரைச்சீலைக் கடையில் துணி வெட்டும் வேலையில் இருந்தவள். தங்கை பள்ளிச் சீருடை தைக்கும் கூடத்துக்கு இன்றைக்கும் காலையில் போய் மதியம் திரும்புகிறாள். கடையில் மீந்த மாதிரித் துணிகள், சீருடையில் கழிந்த ஓரங்கள், அக்கம்பக்கத்தார் கொண்டுவந்து கொடுக்கும் பழைய சட்டைகள் எல்லாம் கடைசியில் இந்த வீட்டில்தான் வந்து அடைக்கலமாகும். அவற்றைச் சதுரமும் முக்கோணமுமாக வெட்டித் தரையில் பரப்புவது அக்காவின் வேலை. நாள் கணக்கில் அதைச் சுற்றிச் சுற்றி நடப்பாள். சமையலறைக்குப் போகிற போக்கில் குனிந்து ஒன்றை எடுத்து இன்னொன்றின் இடத்தில் வைப்பாள். திடீரென்று ஒருநாள், "ம், தை" என்பாள். அதற்கப்புறம்தான் தங்கையின் முறை. துண்டோடு துண்டு கோத்து மேல்துணியைத் தைப்பாள். அடியில் ஒரு முழுத்துணி, நடுவில் பஞ்சு விரிப்பு, மூன்றையும் சேர்த்துக் கையால் நூலோட்டி, சுற்றிலும் பட்டி வைத்து ஓரம் கட்டினால் போர்வை தயார். அடுக்குகிற விஷயத்தில் அக்காவிடம் வாயைக் கொடுக்கத் தங்கைக்கு ஒருநாளும் துணிச்சல் வந்ததில்லை. தேவையும் வந்ததில்லை. அக்கா அடுக்கியதைப் பார்த்தால் கண்ணை எடுக்க மனசு வராது.

இப்போது அக்காவின் கண்ணே அவள் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. நடுப்பார்வை போய்க்கொண்டிருக்கிறது, ஓரப் பார்வை நிற்கும் என்றார் கண் டாக்டர். வெளியே வந்ததும் மருத்துவமனை வாசலிலேயே தங்கை அழ ஆரம்பித்துவிட்டாள். அக்கா அவள் பக்கம் திரும்பி, முகத்தைப் பார்க்காமல் சற்றுத் தள்ளி எங்கேயோ பார்த்தாள்.

"உன் மூஞ்சி இருக்கிற எடத்துல யாரோ அழுக்குக் கைய வெச்சுத் தேய்ச்ச மாதிரி இருக்குடி. ஆனா காது பளிச்சுனு தெரியுது. உன் காது இவ்வளவு பெருசுன்னு எனக்கு இத்தன வருஷமாத் தெரியாமப் போச்சே."

அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் அக்கா அவளிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். தன் மகளுக்குத் தெரியக்கூடாது. மகள் இப்போதுதான் தூரத்தில் ஒரு குளிர் ஊரில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். சொன்னால் அடுத்த வண்டியிலேயே ஏறி வந்து நிற்பாள், வேலையை விட்டுவிட்டு இங்கேயே உட்கார்ந்துவிடுவாள். தன் கண்ணுக்குக் காவலாக இன்னொருத்தி வாழ்க்கையைக் கட்டிப்போட அக்காவுக்குப் பிடிக்கவில்லை.

அந்த மகள்தான் போனில் கேட்டாள். "சித்தி, இங்க குளிரு எலும்பக் கடிக்குது. கடையில விக்கிற கம்பளியெல்லாம் ஆஸ்பத்திரி வாசன அடிக்குது. அம்மா அடுக்கின போர்வ ஒண்ணு வேணும்." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அம்மாவுக்குக் கண்ணு எப்படி இருக்கு? வீடியோவுல பேசும்போது எங்கேயோ பாத்துப் பேசுறா" என்றாள்.

"நல்லாத்தான் இருக்கு. ஊசியில நூல் கோக்கிறா" என்றாள் தங்கை. சொன்ன பொய்யில் அந்த நூல் கொஞ்சம் அதிகப்படி என்று சொல்லும்போதே அவளுக்குத் தெரிந்தது.

இப்போது அந்தப் பொய்யைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. இந்தப் பழுப்பும் ரோஜாவும் போய்ச் சேர்ந்தால், மகள் பொட்டலத்தைப் பிரித்த அந்த நிமிஷமே எல்லாம் விளங்கிவிடும்.

மத்தியானத்தில் அக்கா தூங்குவாள். முன்பெல்லாம் பகலில் கண் அசருகிறவள் இல்லை. கேட்டதற்கு, "தூக்கத்துல எல்லாம் முழுசாத் தெரியுதுடி. நேத்து உன் மூஞ்சியப் பாத்தேன், பொட்டு கோணலா இருந்துச்சு" என்றாள். அதனால் தங்கை அவளை எழுப்புவதே இல்லை. அந்த நேரத்தில் வீடு முழுக்க ஒரு மஞ்சள் அமைதி இறங்கும். ஜன்னல் திரை மூச்சு விடுவதுபோல உப்பித் தாழும். அக்கா ஒருக்களித்துப் படுத்து, உதட்டோரம் சிரிப்போடு எதையோ முழுசாகப் பார்த்துக்கொண்டிருப்பாள். தங்கை சத்தம் போடாமல் தரையில் மண்டியிட்டுப் பழுப்பை எடுத்துவிட்டு அதே அளவில் ஒரு இளம்பச்சையை வைப்பாள். ரோஜாவை எடுத்துவிட்டு வெளிர்நீலம். எடுத்த துண்டுகளைக் குப்பைப் பையின் அடியில் திணிப்பாள். இந்தத் தடவை அக்கா வரிசை வரிசையாகவே 'தை' என்று சொல்லிக்கொண்டு வந்ததால், அவள் எழுந்து வருவதற்குள் மாற்றிய வரிசையை மிஷினில் ஓட்டிவிடுவாள். ஒவ்வொரு வரிசையாகப் போர்வை அழகாகிக்கொண்டே வந்தது. அக்காவின் பழைய போர்வைகளில் ஒன்றைப் பார்த்து நகலெடுத்த மாதிரி அழகு.

மேல்துணி முடியும் தறுவாயில், அக்கா அதை மடியில் போட்டு விரல்களால் தடவிப் பார்த்தாள். விரல்கள் தையலோடு நடந்து ஓரிடத்தில் நின்றன. திரும்பி வந்தன. மறுபடியும் நின்றன.

"இது யாரு வெச்சது?"

தங்கை மிஷினை விட்டு எழுந்தாள்.

"நான் இங்க வெச்சது வெளுத்து வெளுத்து நைஞ்ச சட்டைத்துணி. இது புதுசு. கஞ்சி கூடப் போகல." விரல்கள் அவசரமாக மற்ற வரிசைகளுக்கு ஓடின. "இதுவும். இதுவும். அடிப்பாவி, பாதிக்கு மேல மாத்தியிருக்கியே!"

"அக்கா, நீ வெச்ச கலரெல்லாம் தப்புக்கா. பச்சைன்னு நெனச்சுப் பழுப்ப வெச்சிருக்க. பக்கத்துல போய் ரோஜா. கண்றாவியா இருந்துச்சு. உன் பொண்ணு பாத்தா..."

"பச்சைன்னு நெனச்சேன்னு உங்கிட்ட நான் சொன்னேனா?" அக்கா கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "எனக்கு இப்போ பச்சையும் இல்ல, பழுப்பும் இல்ல. வெளிச்சமா இருக்கு, இல்ல மங்கலா இருக்கு. கண்ணு ஓரத்துல வெச்சு வெச்சு ஒவ்வொண்ணா அதத்தான் பாத்தேன். இவ்வளவு நாளும் அதத்தான் பாத்தேன். நீ என்னடான்னா, நான் தூங்கும்போது வந்து என் கையில இருந்து புடுங்கியிருக்க."

"உனக்காகத்தானே செஞ்சேன். பொண்ணுக்குத் தெரியக்கூடாதுன்னு நீதானே..."

"உன் வாயத்தான் மூடச் சொன்னேன். என் கையையுமா மூடச் சொன்னேன்?"

மேல்துணியை மடியிலிருந்து தள்ளிவிட்டு எழுந்தாள். சுவரைத் தொட்டுத் தொட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் பேச்சு அறுந்துபோனது. சாப்பாடு நடந்தது, குளியல் நடந்தது, விளக்கு எரிந்தது, அணைந்தது. எல்லாம் தண்ணீருக்கு அடியில் நடப்பதுபோல இருந்தது. வெளியே மழை பிடித்துக்கொண்டது. தங்கை வேலை முடிந்து வந்ததும் பால்கனிக் கதவோரம் உட்கார்ந்து தான் தைத்த தையலைத் தானே பிரித்தாள். நூலை அறுத்து, துண்டைப் பிரித்து, நீவி வைத்தாள். தள்ளிப்போட்ட பழுப்பையும் ரோஜாவையும் குப்பைப் பையிலிருந்து தேடி எடுத்தாள். எது எங்கே இருந்தது என்பது அவள் கைக்கு மறக்கவில்லை. தப்பு என்று நினைத்ததாலேயே ஒவ்வொன்றும் நன்றாக மனசில் பதிந்திருந்தது. பிரிக்கப் பிரிக்க அவளுக்குக் கோபம்தான் வந்தது. இவ்வளவு பாடுபட்டு அசிங்கத்தைத் திரும்பக் கொண்டுவர வேண்டியிருக்கிறதே என்ற கோபம். அக்கா தூங்கவும் இல்லை, எழுந்து வரவும் இல்லை. கதவுக்கு அந்தப்பக்கம் விழித்துக்கொண்டிருந்தாள். நூல் அறுபடுகிற 'டிக்' சத்தம் அவளுக்குக் கேட்டிருக்கும்.

ஒரு மத்தியானம், எல்லாத் துண்டுகளும் பழையபடி வெள்ளை விரிப்பின் மேல் கிடந்தன. மழையில் கூடம் இருட்டிக் கிடந்தது. தங்கை சமையலறையில் கொதிக்கிற பானையின் மூடியைத் திறக்க, குபீரென்று கிளம்பிய ஆவி முகத்தில் அடித்தது. மூக்குக்கண்ணாடியின் இரண்டு பக்கமும் ஆவி வெள்ளையாகப் படிந்துபோனது. துடைக்கத் துணி தேடிக் கூடத்துக்கு வந்தவள், வாசல்படியிலேயே நின்றுவிட்டாள்.

தரையில் வெளிச்சம் விழுந்திருந்தது.

ஜன்னலுக்கு வெளியே ஒரு பொட்டு வெயில் இல்லை. ஆனாலும் விரிப்பின் ஒரு மூலையிலிருந்து வெளிச்சம் புறப்பட்டு, சாய்வாக இறங்கி, நடுவில் அகன்று, அலை அலையாக உடைந்து, எதிர் மூலையின் ஆழத்தில் கரைந்துகொண்டிருந்தது. குளத்துக்குள் கண்ணைத் திறந்து மேலே பார்த்தால் எப்படி இருக்குமோ அப்படி. அசைவதுபோலக்கூட இருந்தது. பழுப்பும் பச்சையும் ஒன்றாகி ஒரே நிழல். ரோஜாவும் ஆரஞ்சுக் கோடும் ஒன்றாகி ஒரே ஒளி. எங்கேயும் தடுக்கவில்லை, எங்கேயும் ஒட்டுத் தெரியவில்லை.

கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைத்துப் போட்டுக்கொண்டாள். சாணிப் பழுப்பு, மிட்டாய் ரோஜா, பாட்டில் பச்சை. பழைய சண்டைக்காரர்கள் எல்லாரும் அவரவர் இடத்தில் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மறுபடி பானைக்கு ஓடி ஆவியில் முகத்தைக் காட்டிவிட்டு வந்தாள். மறுபடியும் குளம். அந்த வயதில், அந்தப் பருமனில், சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவே அவள் ஓடிய ஓட்டத்தைப் பார்த்தால் யாரும் சிரிப்பார்கள்.

"என்னடி, எலி பூந்துடுச்சா?" உள்ளேயிருந்து அக்காவின் குரல் கேட்டது. அத்தனை நாளுக்குப் பிறகு வந்த முதல் பேச்சு.

தங்கை கதவைத் திறந்தாள். கண்ணாடியில் ஆவி இன்னும் இருந்தது. கட்டிலில் அக்கா ஒரு சாம்பல் நிற உருவமாக, முகமில்லாமல் உட்கார்ந்திருந்தாள். சொல்ல நிறைய இருந்தது. வந்தது இவ்வளவுதான்:

"தண்ணிக்கா."

அக்கா ஓரக்கண்ணால் அவளை நோக்கித் தலையைச் சாய்த்தாள். 

"வெளிச்சம் மேலேருந்து வருதா, இல்ல நடுவுல நின்னுடுதா?"

"கீழ் மூலை வரைக்கும் போகுது."

"அப்போ சரி. தை."

மேல்துணியைத் தைத்து முடித்து, பஞ்சையும் அடித்துணியையும் சேர்த்துப் பெரிய பெரிய தையலாகப் போட்டுப் பிடித்துக்கொண்டிருந்தபோது மகளின் போன் வந்தது. "போட்டோ அனுப்பு சித்தி, பாக்கணும்" என்றாள். தங்கை போனைப் பொத்திக்கொண்டு அக்காவைப் பார்த்தாள். அக்கா கையை நீட்டிப் போனை வாங்கிக்கொண்டாள்.

"போட்டோவுல தெரியாதுடி. போர்வ கைக்கு வந்தப்புறம் சுவத்துல மாட்டிட்டுத் தள்ளி நின்னு பாரு, கண்ண பாதி மூடிக்கிட்டு. அப்புறம், இன்னொன்னு சொல்லணும். அம்மாவுக்கு நடுவுல தெரியல. கொஞ்ச நாளாவே. இல்ல, நீ கத்தாத. கேளு. ஓரமெல்லாம் நல்லாத் தெரியுது. அத வெச்சுத்தான் இத அடுக்கினேன்."

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அக்கா போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு காத்திருந்தாள், அவசரப்படுத்தவில்லை. "வரேன்னு சொல்ற, வா. லீவு போட்டுட்டு வா. வேலைய விட்டுட்டு வந்தா வாசல்லயே நிக்க வெச்சிருவேன்" என்றாள் கடைசியில். அதற்கு மகள் என்ன சொன்னாள் என்பது தங்கைக்குக் கேட்கவில்லை. அக்காவின் முகத்திலிருந்தும் அதைப் படிக்க முடியவில்லை.

போனை வைத்த பிறகு, மரச்சட்டத்தை இரண்டு நாற்காலிகளின் மேல் ஏற்றிப் போர்வையை இழுத்துக் கட்டினார்கள். தங்கை ஊசியை எடுத்துக்கொண்டு மேலே குனிந்தாள். அக்கா எதிர்ப்பக்கம் உட்கார்ந்து, கேட்காமலே கையைத் துணிக்கு அடியில் நுழைத்தாள்.

"கை பத்திரம், குத்திடும்."

"குத்தினா தெரியும்ல. போடு."

எங்கே முதல் குத்துப் போடுவது என்று தெரியாமல் தங்கை தயங்கினாள். துணிக்கு அடியில் அக்காவின் விரல் ஊர்ந்து வந்தது. பழுப்பைத் தாண்டி, ரோஜாவுக்குக் கீழே, பஞ்சை லேசாக மேலே தள்ளிக்கொண்டு, தண்ணீருக்குள்ளிருந்து ஒரு மீன் மூக்கால் மோதுவதுபோல ஓரிடத்தில் முட்டி நின்றது. தங்கை அங்கே ஊசியை இறக்கினாள். விரல் நகர்ந்தது. ஊசி அதன் பின்னால் போயிற்று.