ஹவில்தார் அடித்த சல்யூட்

அந்தமானில், திக்லிபூருக்குப் பக்கத்தில் நாலா என்கிற ஓடையின் மேல் சிமென்ட் பாலம் கட்டி முடித்த வருஷம், அதற்கு அந்த வட்டாரத்துப் பட்டாளக்காரர் ஒருவரின் பெயரை வைக்க வேண்டும் என்று போர்ட் பிளேரிலிருந்து உத்தரவு வந்தது. யார் பெயர் என்று ஒருவரும் யோசிக்கவே இல்லை. அங்கே பட்டாளக்காரர் என்றால் பன்னீர்செல்வம்தான். ரிட்டயர்டு ஹவில்தார், வேலூர்ப் பக்கத்துக்காரர், முறுக்கிய மீசை. டீக்கடையில் அவர் கோஹிமா சண்டையைச் சொல்ல ஆரம்பித்தால் வங்காளியும் தெலுங்கரும் மலையாளியும் டீயை ஆறவிட்டுவிட்டு, "ஃபிர் க்யா ஹுவா?" என்று அடுத்ததைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருப்பார்கள்.

கஸ்பாரும் கேட்டிருக்கிறார். சர்க்கார் மோட்டார் படகை ஓட்டும் செராங்கு வேலை அவருக்கு. படகைக் கட்டிவிட்டு வரும் வழியில் அந்த டீக்கடையைத் தாண்டித்தான் வீட்டுக்குப் போக வேண்டும். பாலத்தின் செய்தியைக் கேட்ட அன்று டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிட்டார்.

வீட்டில் அவர் மனைவி ஆரோக்கியசெல்வி சேலை ஓரத்துச் சேற்றை அலசிக்கொண்டிருந்தாள். டிஸ்பென்சரியில் நர்ஸ். அக்கரையில் ஒரு பிரசவம் பார்த்துவிட்டு, இன்னும் திறக்காத பாலத்துக்குக் கீழே இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி வந்திருந்தாள்.

"பாலத்துக்குப் பட்டாளத்து ஆள் பேரு வைக்கப் போறாவளாம்" என்றார் கஸ்பார்.

"நல்லதுதான். பன்னீர் அண்ணன் சந்தோசப்படுவாரு."

"நீயும் பட்டாளத்துல இருந்தவதானே?"

அவள் கை நின்றது. "அந்தப் பேச்சே வேண்டாம். பேசாம இருங்க."

அவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவருக்குத் தெரியும். தூத்துக்குடியில் கல்யாணத்துக்கு வந்த சொந்தக்காரர்களே, "கண்ட ஆம்பளைங்க உடம்பத் தொட்டவளையா கட்டப் போற?" என்று அவள் காதுபடக் கேட்டார்கள். யுத்தத்தில் அவள் பட்டதை யாரும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு அவள் வாயே திறக்கவில்லை. அவளைக் கூட்டிக்கொண்டு கப்பலேறியதே அந்தப் பேச்சு எட்டாத இடத்துக்குப் போய்விடத்தான். அவள் மறந்துவிட்டதுபோல இருந்தாள். கஸ்பாருக்குத்தான் அது தொண்டையில் மீன்முள்ளாக நின்றது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த பிறகு பள்ளிக்கூடக் கொட்டகையில் கூட்டம் போட்டார்கள். தாசில்தார் வந்திருந்தார். பன்னீர்செல்வம் மெடல்களைப் பளபளவென்று தேய்த்துக் குத்திக்கொண்டு முன்வரிசையில் இருந்தார். தாசில்தார் அவர் பெயரைச் சொல்லிவிட்டு, "சப் ராஜி?" என்று எல்லோருடைய சம்மதத்தையும் கேட்டார்.

வாயைத் திறக்கக் கூடாது என்றுதான் கஸ்பார் வந்திருந்தார். ஆனால் கால்கள் எழுந்து நின்றுவிட்டன.

"சாப், ஒரு பேரு விட்டுப்போச்சு. என் வீட்டுக்காரி. யுத்தத்துல மிலிட்டரி நர்ஸா இருந்தா."

பெண்கள் பக்கத்திலிருந்து செல்வி அவரைப் பார்த்த பார்வையில் உட்கார்ந்துவிடலாமா என்று தோன்றியது. தாசில்தார் சிரித்தார். "நர்ஸ் எப்படி ஃபௌஜி ஆவாங்க? துப்பாக்கி பிடிச்சாங்களா?" நாலைந்து பேர் சேர்ந்து சிரித்தார்கள்.

பன்னீர்செல்வம் சிரிக்கவில்லை. நாற்காலியைத் திருப்பிப்போட்டுச் செல்வியைப் பார்த்தார்.

"எந்த ஆஸ்பத்திரி சிஸ்டர்?"

அவள் தரையைப் பார்த்தாள். பிறகு, "திமாப்பூர்" என்றாள். "நாப்பத்திநாலுல."

"கோஹிமாவுல அடிபட்டவனையெல்லாம் அங்கதானே எறக்குனாங்க!"

"ஆமா. லாரி லாரியா வருவாங்க. தரையெல்லாம் ரத்தம் வழுக்கும். மண்ணள்ளிப் போட்டு அதுமேல நடப்போம்."

"ஜப்பான்காரன் கிட்ட வந்துட்டான்னு நர்சுங்கள அனுப்பிட்டாங்கன்னு சொன்னாங்களே?"

"ரயில் ஏறச் சொன்னாங்க. நாங்க கொஞ்சம் பேர் ஏறல." முதல் தடவையாக அவள் நிமிர்ந்து பார்த்தாள். "வார்டுல எந்திரிக்க முடியாதவங்க கெடந்தாங்களே அண்ணே. அவங்கள விட்டுட்டு எப்படி ஏறுறது?"

பன்னீர்செல்வம் கடைசியாக ஒன்று கேட்டார்: "தோள்ல இன்னா?"

"ரெண்டு நட்சத்திரம்."

ஹவில்தார் எழுந்தார். வேட்டியை இறக்கிவிட்டார். செருப்புக் குதிகால்களை ஒட்டி வைத்து, விறைத்து நின்று, அவளுக்கு ஒரு சல்யூட் அடித்தார். செல்வியும் தன்னையறியாமல் எழுந்து நேராக நின்றாள். இத்தனை வருஷத்தில் அவள் அப்படி நின்று கஸ்பார் பார்த்ததே இல்லை.

பன்னீர்செல்வம் தாசில்தார் பக்கம் திரும்பினார். "சாப், பட்டாளத்துல நர்சம்மா ஆபீசர். லெப்டினன்ட். நான் ஹவில்தார். எதிர்ல வந்தா நான்தான் முதல்ல கை தூக்கணும். எங்க கம்பெனில எத்தினி பேரு அந்த ஆஸ்பத்திரிலேருந்து உயிரோட வீட்டுக்குப் போனான் தெரியுமா? பாலத்துல அவங்க பேரு இருக்கட்டும். என் பேரு வச்சா நானே போய் அழிச்சிடுவேன்."

வங்காளிக் குடியேற்றக்காரர் நித்தாய் மண்டல், அக்கா பெயர்தான் என்று கையைத் தூக்கினார். "தீதிகா நாம்!" அவருடைய ரெண்டு பிள்ளைகளும் செல்வி கையில் பிறந்தவர்கள். அடுத்து பெண்கள் பக்கத்தில் ஒவ்வொரு கையாக எழுந்தது. கடைசியில் தாசில்தாரும் தொப்பியைக் கழற்றிவிட்டு, மேலே எழுதி அனுப்புகிறேன் என்றார்.

மழைக்காலம் முடியும்போது சம்மதம் வந்தது. திறப்புவிழா அன்று, லெப்டினன்ட் ஆரோக்கியசெல்வி பாலம் என்று இந்தியிலும் இங்கிலீஷிலும் எழுதிய பலகையில் மாலை போட்டார்கள். முதலில் நடந்து போகச் சொன்னபோது செல்வி தயங்கினாள். மெடல்களோடு பன்னீர்செல்வம் அவளுக்கு ஓரடி பின்னால் வந்து நின்று, "நடங்க மேடம்" என்றார். அவள் நடந்தாள். அக்கரை போய்ச் சேர்ந்ததும் கஸ்பாரிடம், "உங்கள யாரு பேசச் சொன்னது?" என்று மெதுவாகக் கேட்டாள். கண் நிறைந்திருந்தது. கோபம் இல்லை.

ஜனங்களுக்கு அத்தனை நீளப் பெயர் வாயில் நுழையவில்லை. பஸ் ஓட ஆரம்பித்த ரெண்டாம் வாரமே கண்டக்டர் அதைச் சுருக்கிவிட்டான். கஸ்பார் முதல்முறை அந்த பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தபோது, அவன் படியில் தொங்கிக்கொண்டு, "லெப்டன் புல்! லெப்டன் புல் உத்ரோ!" என்று லெப்டினன்ட் பாலத்தில் இறங்குகிறவர்களைப் பார்த்துக் கத்தினான்.

கஸ்பார் இறங்க வேண்டியது அதற்கு அடுத்த நிறுத்தம். ஆனாலும் எழுந்தார். பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத ஆளிடம், "என் வீட்டுக்காரி பேருப்பா அது" என்று சொல்லிவிட்டு அங்கேயே இறங்கி, பாலத்தின் மேல் நிதானமாக நடந்து வீட்டுக்குப் போனார்.