வென்றவர்: டி. கௌரிசங்கர்

1

இந்தக் கதை எனக்கு ஒரு கழிவறை வாசலில் கிடைத்தது.

நான் புஜைராவில் ஓர் எண்ணெய்க் கிடங்கின் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். கப்பலில் வந்த எண்ணெயில் தண்ணீர் எவ்வளவு, கந்தகம் எவ்வளவு என்று பார்த்துச் சொல்லவேண்டும். கம்பெனி ஒருமுறை ஒரு கோல்ஃப் கிளப்பில் குடும்ப விருந்து வைத்தது. பெண்கள் கழிவறைக்குப் போகும் நடையில் ஒரு மரப்பலகை மாட்டியிருந்தார்கள். மகளிர் போட்டியில் வென்றவர்களின் பெயர்கள், தங்க எழுத்தில். வரிசையில் நின்றபடி மேலிருந்து படித்துக்கொண்டே வந்தேன். பாதியில் ஏதோ இடித்தது. மறுபடி மேலே போனேன்.

ஒரு பெண்ணின் பெயர்கூட இல்லை. எல்லாம் கணவர்களின் பெயர்கள். முன்னால் ஒரு 'திருமதி' மட்டும்.

பின்னால் நின்றவர், "உள்ள போறியாம்மா, இல்ல நான் போகட்டா?" என்று கேட்டார். போனேன்.

(கதையில் வரும் போட்டி, கிளப், வென்றவர்கள் எல்லாம் நான் செய்தவை. தேட வேண்டாம்.)

2

முதல் தொடக்கம்: "பாலைவனத்தில் சூரியன் எழுந்தது. தாரிணி தன் கோல்ஃப் மட்டையை எடுத்து —"

விட்டுவிட்டேன். வளைகுடாக் கதை என்றால் சூரியன் அழைக்காமல் வந்து நிற்கிறது. தவிர, அவளிடம் மட்டை இல்லை.

இரண்டாவது: "கௌரிசங்கரின் மகள் மணல் கோப்பையை வென்றாள். அந்தச் செய்தி அவருக்கு ஆபீஸ் லிஃப்டில் வேறொருவர் சொல்லித்தான் தெரிந்தது."

இது பரவாயில்லை. இருக்கட்டும்.

3

போட்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். இல்லாவிட்டால் தாரிணிக்கு ஏன் தூக்கிவாரிப் போட்டது என்று உங்களுக்குப் புரியாது.

வளைகுடா மகளிர் மணல் கோப்பை. முதலில் ஆடியவர்கள் எண்ணெய்க் கம்பெனி அதிகாரிகளின் மனைவிகள். புல் கிடையாது, மணல்தான். ஒவ்வொருவரும் ஒரு துண்டுச் செயற்கைப் புல்லைக் கையில் எடுத்துப்போய், பந்தை அதன்மேல் வைத்து அடிப்பார்கள். குழியைச் சுற்றி மணலில் எண்ணெய் கலந்து இறுக்கியிருக்கும். புல் உள்ள ஊர்களில் அந்த இடத்துக்கு 'கிரீன்' என்று பெயர். இங்கே 'பிரவுன்'. பந்து குழியில் விழுந்ததும், அடுத்து வருகிறவர்களுக்காக, தன் கால்தடத்தைத் தானே இழுத்து அழித்துவிட்டுப் போகவேண்டும். அது விதி.

(இந்த இடத்தில் ஓர் உவமை எழுதி அடித்துவிட்டேன். உங்களுக்கே தோன்றியிருக்கும்.)

முதல் வெற்றியாளர் பலகையில் திருமதி டி. ஹார்ட்லி. சில வருடங்கள் கழித்துத் திருமதி எஸ். பிரவுட் என்று ஒருவர். இருவரும் ஒரே பெண். நடுவில் ஒரு விவாகரத்து. கிளப்பில் யாருக்கும் அது தெரியாது. இன்றைக்கும் ஆண்டுமலரில் இரண்டு வீராங்கனைகளாக ஆடிக்கொண்டிருக்கிறார்.

பிறகு திருமதி ஏ. கிருஷ்ணன், மூன்று முறை. அவர் பெயர் வசந்தகுமாரி. கணவர் பெயர் அனந்தகிருஷ்ணன். பலகை எழுதியவர் அதை நடுவில் உடைத்து முன்பாதியை இனிஷியலாக்கிவிட்டார்.

அப்புறம் காலம் மாறியது. கமிட்டி கூடி 'திருமதி'யை எடுத்துவிட்டது. இனிமேல் எல்லோருக்கும் ஒரே மாதிரி: இனிஷியல், குடும்பப் பெயர். கைதட்டினார்களாம்.

அடிக்குறிப்பு போல ஒன்று: நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா ஓர் எழுத்தாக முன்னால் நிற்பார், நாம் முழுசாகப் பின்னால் வருவோம். பாஸ்போர்ட்டுக்கு இந்தக் கணக்கு புரியாது. குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் அப்பா முழுசாக ஏறி உட்கார்ந்துகொள்வார்.

4

பழைய வெற்றியாளர்களுக்கு விருந்து வைக்கும் நாள். சாப்பாட்டுக்குப் பிறகு பலகையைத் திறந்துகாட்டுவார்கள். அதற்குமுன் புதுப் பெயரை ஒட்டி, மேலே வார்னிஷ் அடிக்கவேண்டும்.

இந்த வருடம் வென்ற தாரிணி அந்த நடைக்கு வந்தபோது பலகை கீழே இறக்கி வைத்திருந்தது. மேசைமேல் தங்க நிற ஆங்கில எழுத்துகளைப் பரப்பிக்கொண்டிருந்தார் ஸ்டிக்கர் கடை ரெனீஷ். கிளப் ஆபீஸைப் பார்த்துக்கொள்ளும் உம்மு சல்மா பக்கத்தில் நின்றார். மேலப்பாளையத்துக்காரர்.

தாரிணி படித்தாள். D. GOWRISHANKAR. டி. கௌரிசங்கர்.

"சல்மாக்கா, என்ன இது?"

"உன் பேருதான் பிள்ள."

"இது எங்கப்பா பேரு."

"பாஸ்போர்ட்ல உள்ளதத்தானே குடுத்தேன். இனிஷியலு, சர்நேமு. எல்லாத்துக்கும் அதுதான் ரூலு."

"அப்போ நான் எங்க?"

கேள்வி தனக்கு என்று நினைத்து ரெனீஷ் விரலால் தொட்டுக் காட்டினார். "இந்தா இருக்கே. டி."

தாரிணி அந்த எழுத்தைப் பார்த்தாள். காது அடைத்ததுபோல் இருந்தது. கடைசிக் குழியில் பந்து விழுந்த சத்தம் கேட்டபோதுகூட இப்படி ஆகவில்லை.

கை கழுவ வந்த வசந்தகுமாரி எட்டிப் பார்த்தார்.

"உனக்காவது டி இருக்கு. என்னைத் தேடிப் பாரு, ஒரு எழுத்து கிடைக்காது. மூணு தடவை ஜெயிச்சேன், மூணு தடவையும் அவர் பேரு. அதுவும் தப்பா. ஆபீஸ்ல பாதிப் பேர் அவர்தான் ஆடறார்னு நெனச்சுண்டிருந்தா. அவருக்கு கோல்ஃப் பந்துக்கும் ரவா லட்டுக்கும் வித்தியாசம் தெரியாது."

"நீங்க மாத்தச் சொல்லிக் கேக்கலையா ஆன்ட்டி?"

"கேக்கணும்னு தோணலையே."

சொல்லிவிட்டு அவர் தன் ஈரக்கையைப் பார்த்தபடி நின்றுவிட்டார். "ஏன் தோணல?" என்று உம்மு சல்மாவிடம் கேட்டார். அவருக்கு எப்படித் தெரியும்.

5

இப்போது கௌரிசங்கர் வரவேண்டும். எனக்கு அவர்மேல் நம்பிக்கை இல்லை.

அவரை மோசமானவராகத்தான் எழுதத் தொடங்கினேன். ஆதாரம் இருக்கிறது. போன வருடம் தாரிணிக்குப் பரீட்சை வந்தபோது, அவளுடைய கோல்ஃப் மட்டைப் பையைத் தூக்கித் தன் நண்பரின் மகன் விஷாலுக்குக் கொடுத்துவிட்டார். "அவன் போட்டிக்கெல்லாம் போற பையன். வீட்ல சும்மா இடத்த அடைக்குது" என்றார். தாரிணி அதற்குப் பிறகு கிளப்பின் வாடகை மட்டைகளால் ஆடினாள். அம்மா சுசீலா தையற்காரரிடம் போவதாகச் சொல்லி அவளைக் காரில் கொண்டுவந்து விடுவார். அத்தனை தடவை போயும் ஒரு புது ரவிக்கைகூட வீட்டுக்கு வரவில்லையே என்று கௌரிசங்கர் கேட்டதில்லை.

[அவர் வில்லன்போல் மீசையைத் தடவிக்கொண்டு — இல்லை. அவருக்கு மீசை இல்லை.]

வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, கையில் போன். மேசையைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

"அடடே, நம்ம பேரு."

ஒரு படம் எடுத்தார். குடும்ப வாட்ஸப் குழுவுக்கு அனுப்பினார். திருச்சியிலிருக்கும் தம்பியிடமிருந்து உடனே பதில் வந்தது. சிரித்துக்கொண்டே சத்தமாகப் படித்தார்.

"ரவிசங்கரைப் பாரேன். என்ன கேக்கறான்னா, 'அண்ணா, நீ எப்ப கோல்ஃப் ஆட ஆரம்பிச்ச?'"



தாரிணி கேட்டாள், "என்னப்பா பதில் போடப் போறீங்க?"

அவருடைய விரல் போனின்மேல் அப்படியே நின்றது. பலகையைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். சிரிப்பு முகத்திலேயே இருந்தது. எடுத்துவைக்க இடம் தெரியாததுபோல்.

இந்த இடத்தில் அவருக்கு ஒரு நல்ல வசனம் எழுதினேன். சொல்ல மறுத்துவிட்டார். மன்னிப்புக் கேட்பதாக எழுதினேன். அதற்கும் வாய் திறக்கவில்லை. கோபப்படுவதாகவும் எழுதிப் பார்த்தேன். "விஷால் —" என்று மட்டும் சொன்னார். வாக்கியம் அங்கேயே நின்றுவிட்டது. நின்றபடியே விட்டிருக்கிறேன்.

6

இதுவரை எழுதியதைத் திரும்பப் படித்தேன்.

இரண்டாம் பகுதிக்குப் போங்கள். நான் பரவாயில்லை என்று வைத்துக்கொண்ட தொடக்கம். "கௌரிசங்கரின் மகள் மணல் கோப்பையை வென்றாள்."

அதை நான்தான் எழுதினேன். பலகைக்காரரோ பாஸ்போர்ட் ஆபீஸோ எழுதவில்லை. கழிவறை வாசலில் அதிர்ந்து நின்றவள் வீட்டுக்கு வந்து, மேசையில் உட்கார்ந்து, முதல் வேலையாகத் தாரிணியின் பெயரை எடுத்துவிட்டிருக்கிறேன். அடிக்கவேண்டும் என்று கை போனது. அடிக்கவில்லை. நீங்களும் அதைத் தடங்கல் இல்லாமல் படித்துவிட்டுத்தான் வந்தீர்கள்.

7

முடிவுகள்.

(அ) கௌரிசங்கர் கண்கலங்கி, "என் பேரை எடுத்துடுங்க" என்கிறார். விருந்தினர் எல்லோரும் எழுந்து — வேண்டாம். ஒரு நிமிடத்தில் ஒருவர் இவ்வளவு நல்லவராக முடியாது. முடிந்தால் அந்தக் கைதட்டலும் அவருக்கே போகும்.

(ஆ) தாரிணி எழுத்துகளைக் கசக்கி எறிந்துவிட்டு வெளியேறுகிறாள். பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் பலகையில் அவள் இருக்கமாட்டாள். அவளுக்கு வேண்டியது பலகையில் அவள் பெயர். வேறொன்றும் இல்லை.

(இ) இது நான் திட்டமிடாதது.

தாரிணி மேசையருகே போனாள். ஒட்டுத்தாளோடு இருந்த எழுத்துகளை ஒவ்வொன்றாக நகர்த்தினாள். ஜி முன்னால் போனது, பக்கத்தில் புள்ளி. டி. எச். ஏ. ஆர். ஐ. என்.

"ரூலு —" என்று ஆரம்பித்த உம்மு சல்மா, எழுத்துகளைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். "சரி, செய். கேட்டா இனிஷியல் இருக்குல்லான்னு சொல்லிக்கிடுதேன்."

தாரிணியின் கை மேசைமேல் அலைந்தது.

"இன்னொரு ஐ எங்க ரெனீஷ் அண்ணா?"

"சாருக்க பேர்ல ஒண்ணுதானே உண்டு," என்றார் ரெனீஷ். "புதுசு வெட்டணும்னா மெஷின் ஷார்ஜாவுல கிடக்கு."

"வார்னிஷ் இப்பமே அடிச்சாகணும்," என்றார் உம்மு சல்மா. "சோறு முடியப் போவுது."

நான் எண்ணிப் பார்த்தேன். உண்மைதான். கௌரிசங்கர் என்ற பெயரை எப்படிக் கலைத்து அடுக்கினாலும் தாரிணிக்கு ஓர் ஐ குறைகிறது. அவளுக்கு இந்தப் பெயரை வைத்தபோது எனக்கு இது தெரியாது.

மிச்சம் கிடந்தவை: ஓ, டபிள்யூ, எஸ், கே, ஏ, ஆர். ரெனீஷ் அவற்றைப் புரட்டிப் பார்த்தார். கே-யைத் தனியே எடுத்து வைத்தார்.

"இதுல நேரா ஒரு கோடு நிக்குது பாருங்க. அத மட்டும் அறுத்தா ஐ ஆயிரும். ஆனா அறுத்தா பழைய பேரு இன்னைக்குத் திரும்ப வராது. யாராவது ஒருத்தர் சரின்னு சொல்லணும். பொறவு எம்மேல பழி வரப்பிடாது."

பிளேடை எழுத்தின்மேல் வைத்தார்.

வசந்தகுமாரி கௌரிசங்கரைப் பார்த்தார். உம்மு சல்மாவும் பார்த்தார். தாரிணியும் பார்த்தாள். நான் அப்படி எழுதவில்லை. எழுதத் தொடங்குவதற்குள் பார்த்துவிட்டார்கள். கௌரிசங்கருக்கே அது விளங்கவில்லை. தன்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லையே என்பதுபோல் விழித்தார். கையில் போன் மறுபடி அதிர்ந்தது. தம்பிதான். 'சொல்லுண்ணா.'

யார் சரி சொல்லவேண்டும் என்பது இன்னும் தீராத கேள்வி. ரெனீஷ் யார் முகத்தைப் பார்த்துக் கேட்கிறாரோ, பலகை அவருடையது. நான் ஒரு பெயரை எழுதினேன், அடித்தேன். இன்னொன்றை எழுதினேன், அதையும் அடித்தேன். ஏற்கெனவே ஒருமுறை தப்பாக எழுதிய கை. இனி உங்கள் கை. ஒரே ஒரு பெயர்தான் எழுதவேண்டும். வேற்றுமை உருபை மட்டும் நான் போட்டுவைத்திருக்கிறேன்.

"அறுக்கட்டா?" என்று ரெனீஷ் ............ஐப் பார்த்துக் கேட்டார்.