முனியாண்டி பார்க்கும் பக்கம்

எங்கள் அலுவலகத்து ஆறு பேரும் ஜனவரிக் குளிரில் மலை ஏறுவதற்கென்று தர்ஷன் தேடிப்பிடித்த காடு, நான் பிறந்த தேயிலைத் தோட்டத்துக்கு மேலே இருந்தது. என் அதிர்ஷ்டம் அப்படி. கொழும்பில் பம்பலப்பிட்டியில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து, கேட்டவர்களுக்கெல்லாம் நான் பக்கத்து வெள்ளவத்தைக்காரி. இராமலெட்சுமியை ரமா ஆக்கியதும் நான்தான். என்னைக் கல்யாணம் செய்வது பற்றி அந்த மாதமே தன் அம்மாவிடம் கதைப்பதாகத் தர்ஷன் சொல்லியிருந்தான். அதன் பிறகு உண்மையைச் சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தேன்.

மூடுபனி இறங்கியதும் கைபேசியில் வரைபடம் நின்றுபோனது. தர்ஷன் காட்டிய வழியில் ஒரு மணி நேரம் நடந்து, புறப்பட்ட முறிந்த மரத்தடிக்கே வந்து சேர்ந்தோம். மறுபடி நடந்தபோது மூன்று பாதைகள் பிரிந்தன. நடுவில் சூலத்தோடு, கண் வரைந்த ஒரு கல்.

"இனி என்னால ஏலாது, தர்ஷன்" என்று புளோறன்ஸ் அக்கா உட்கார்ந்துவிட்டார். வயது ஐம்பத்தாறு. குளிரில் உதடு நீலம் பாரித்திருந்தது. இருட்ட ஒரு மணி நேரம்தான் இருந்தது.

அது எங்கள் தோட்டத்துக் காவல் தெய்வம், முனியாண்டி. காட்டுக்கு முதுகும், தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு முகமுமாகத்தான் வைப்பார்கள். விறகுக்குப் போனவர்கள் அவர் பார்க்கும் பக்கமாக இறங்குவார்கள். தர்ஷனோ முதுகுப்பக்கத்துப் பாதையைக் காட்டி, "இதுதான், நிச்சயம்" என்றான். புளோறன்ஸ் அக்காவை இருவர் தாங்கிக்கொண்டார்கள். நானும் வாயை மூடிக்கொண்டு இருபது அடி நடந்தேன். நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

அக்கா இருமிய இருமலில் திரும்பினேன். சப்பாத்தைக் கழற்றி, ஒரு கொப்பு ஒடித்துக் கல்லடியில் வைத்தேன். எங்கள் ஆட்கள் அதை வைக்காமல் அவரைக் கடக்கமாட்டார்கள்.

"இந்தப் பக்கம் போனா லயம் வரும்."

"உமக்கு எப்படித் தெரியும்?" என்றான் தர்ஷன்.

"நான் அங்கதான் பொறந்தேன்."

நாற்பது நிமிடத்தில் லயத்துக்கு வந்தோம். என் அம்மா எல்லோருக்கும் தேத்தண்ணி கொடுத்தாள். தர்ஷன் கோபிக்கவில்லை. "இதில மறைக்க என்ன இருக்கு? எனக்கு இது ஒரு பிரச்சினையே இல்லை" என்றான். முட்டாள்தனமாக நம்பினேன். கொழும்பு வரும்வரை அவன் தோளில் நித்திரை கொண்டேன்.

அடுத்த ஞாயிறு வீட்டுக்குக் கூட்டிப்போனான். அவனுடைய அம்மா என்னைக் கதிரையில் இருத்தி, வடை தந்து, அன்பாகத்தான் கதைத்தார்.

"தம்பி எல்லாம் சொன்னவன். கெட்டிக்காரப் பிள்ளை நீர்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "உங்கட தோட்டத்தில வீட்டு வேலைக்கு ஒரு பெட்டை கிடைக்குமோ? உம்மை மாதிரி, நம்பிக்கையா?"

நான் தர்ஷனைப் பார்த்தேன்.

"ஓம் ரமா, கேட்டுப் பாருமன்" என்றான், வடையைக் கடித்தபடி. "அம்மாவுக்கும் தனியச் செய்ய ஏலாது."