லவுன்ஜ் பூட்டியிருந்த செவ்வாய்க்கிழமை

மேபல் அன்று மத்தியானம் சாப்பிடவேயில்லை. கட்டுநாயக்க விமான நிலையத்துக்குப் புறப்படும்போது, சோற்றுப் பார்சல் ஒன்று கட்டித் தரட்டுமா என்று கேட்ட பக்கத்து வீட்டு பைறோஸாவிடமும் வேண்டாம் என்றுவிட்டாள்.

"லவுன்ஜில எல்லாம் ஃப்ரீயாம் பைறோஸா. வகை வகையாச் சாப்பாடாம். வயித்தில இடம் வைக்கோணும்."

இந்த லவுன்ஜ் விஷயம் கொட்டாஞ்சேனையில் அவள் இருந்த ஒழுங்கை முழுக்கத் தெரியும். மெல்பனில் இருக்கும் மகன் ரொனி, தன் கல்யாணத்துக்கு வரும் அம்மாவுக்கு பிஸ்னஸ் கிளாஸ் டிக்கெட் போட்டு, லவுன்ஜின் வீடியோ ஒன்றையும் அனுப்பியிருந்தான். சாய்ந்து படுக்கிற நாற்காலி, நுரையோடு கோப்பி ஊற்றுகிற மெஷின், குளிக்க ஓர் அறைகூட. எந்தப் பொத்தானை அமுக்கினால் கோப்பி வரும் என்பதை மேபல் பாடமாக்கி வைத்திருந்தாள். கைப்பையில் குளிக்க ஒரு துவாயும் எடுத்துக்கொண்டாள். கிடைக்கிறதை ஏன் விடவேண்டும்?

ரொனி சும்மா செலவழிக்கிற பிள்ளை இல்லை. அதே விமானத்தில், பக்கத்து சீட்டில், மணப்பெண் துஷாந்தினியின் தாய் றேணுகாவுக்கும் இடம் போட்டிருந்தான். வெள்ளவத்தையில் இருக்கிறவர், வங்கி மனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு வார்த்தை கூடவும் கதைக்கமாட்டார், குறையவும் கதைக்கமாட்டார். சனிக்கிழமை காலைக் கல்யாணத்தில் முதலில் சேர்ச்சா, கோயிலா என்று மாதக்கணக்காக இரண்டு தாய்மாருக்கும் இழுபறி. முதலாவது நடப்பதுதான் கல்யாணம், மற்றது ஒப்புக்கு என்று இருவருமே நினைத்தார்கள். ஃபாதரும் ஐயரும் எந்த நேரம் என்றாலும் சரி என்று சொல்லிவிட்டார்கள். இந்த இருவரும்தான் அசையவில்லை.

கடைசியில் ரொனிக்கு அலுத்துவிட்டது. "லவுன்ஜில ரெண்டு பேரும் ஆறுதலா இருந்து கதைச்சு முடிவெடுங்க அம்மா. பிளேன் ஏற முந்தி எனக்குச் சொல்லோணும். சண்டை பிடிச்சுக்கொண்டு வந்து இறங்கினீங்க எண்டா, நாங்க ரெஜிஸ்டர் ஒஃபிசோட முடிச்சிடுவம்."

அந்தப் பேச்சு மேபலின் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. ஒரே பிள்ளை. ஒரு மணிச்சத்தம், ஒரு மாலை இல்லாமல் கையெழுத்தோடு முடிகிறதா? அந்தப் பெரிய நாற்காலிகளில் சாய்ந்து, நல்லதாக நாலு வாய் சாப்பிட்டால் எவருக்கும் மனம் இளகும் என்று அவள் லவுன்ஜையே நம்பியிருந்தாள்.

போய்ப் பார்த்தால், லவுன்ஜின் வாசல் முழுக்கப் பலகை அடித்து மறைத்திருந்தது. உள்ளே துளை போடுகிற மெஷின் காது கிழியக் கத்தியது. வாசலில் நின்ற பெண் பாவம் போல முகத்தை வைத்துக்கொண்டாள். டில்ஷானி என்று சட்டையில் பெயர் குத்தியிருந்தது.

"சொரி ஆன்ட்டி, லவுன்ஜ் எக வஹலா," என்று சிங்களத்தில் சொன்னவள், மேபலின் முகத்தைப் பார்த்துத் தமிழுக்கு மாறினாள். "புதுசாக்குறாங்க. ரெண்டு மாசம் பூட்டு. அங்க டெம்பரரியா இடம் இருக்கு."

டெம்பரரி இடம் என்பது சிவப்புக் கயிறு கட்டிய ஒரு மூலை. வரிசையாக இரும்புக் கதிரைகள். சாப்பாட்டுக்கு ஆளுக்கொரு கூப்பன். உள்ளே கறி வைத்த ஒரு பணிஸ், ஒரு தேத்தண்ணி. றேணுகா முதலே வந்து, பையை மடியில் வைத்துக்கொண்டு, பாங்கில் இருக்கிற மாதிரியே நிமிர்ந்து இருந்தார்.

"வாங்கோ மிஸிஸ் சவுந்தரநாயகம். சாப்பிட்டிட்டோ வந்தனீங்கள்?" என்று மேபலைக் கேட்டார்.

"ஓம் மிஸ், வயிறு முட்ட. நீங்க?"

"நானும் வீட்டிலயே முடிச்சிட்டன்."

இரண்டும் பச்சைப் பொய். நடுவில் ஒரு கதிரையை வெறுமையாக விட்டு மேபல் இருந்தாள். பணிஸ் வந்தது. இருவரும் அதைத் தொடாமல் மடியில் வைத்துக்கொண்டு பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். துளை போடுகிற சத்தம் கொஞ்சம் ஓய்ந்த நேரம் பார்த்து, ஒரு வயிறு நீளமாக இரைந்தது. மேபலுடையது இல்லை. மனேஜரின் வயிறும் வயிறுதானே.

"சாப்பிடுங்களன் மிஸ்," என்றாள் மேபல், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"உள்ளுக்குக் கோழி. இண்டைக்குச் செவ்வாய்."

"எனக்கும் செவ்வாய்தான். அந்தோனியாருக்கு நேர்த்தி, மச்சம் மாமிசம் தொடமாட்டன்."

றேணுகா திரும்பிப் பார்த்தார். "கொச்சிக்கடை அந்தோனியார் சேர்ச்சுக்கோ போறனீங்கள்?"

"பின்ன? இண்டைக்குக் காலமையும் போனனான்."

றேணுகா அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, வெறுமையாக இருந்த கதிரைக்கு மாறி உட்கார்ந்தார். "நானும் விடியவே போனனான். துஷாந்தினி படிச்சுச் சோதினை எடுத்த காலத்தில தொடங்கினது. செவ்வாய்க்குச் செவ்வாய் ஒரு மெழுகுதிரி. அவளுக்குச் சொல்லிப்போடாதேங்கோ."

மேபல் வாயைப் பிளந்தாள். "இந்த முறை என்ன மிஸ் கேட்டீங்க?"

றேணுகாவின் முகம் சிவந்துவிட்டது. "கோயில் முதல் நடக்கோணும் எண்டு."

"எங்கட அந்தோனியாரிட்டயா!"

"பிள்ளையாரிட்டயும் கேட்டனான். ஆனா அவர் எங்கட பக்கம். உங்கட பக்கத்து ஆள் ஒருத்தர் சொன்னாத்தானே வேலை நடக்கும்?"

கோபம் வரவேண்டிய இடம்தான். மேபலுக்கு வந்தது சிரிப்பு. அதே காலை, அதே சுரூபத்தின் முன்னால் நின்று, சேர்ச் முதல் நடக்கவேண்டும் என்று அவளும் மன்றாடியிருந்தாள். அந்த மனிசன் என்னதான் செய்வார்! அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். துவாயை எடுத்துக் கண்ணைத் துடைத்தாள். இவ்வளவு நாளும் பயந்து நடுங்கினது இந்தப் பெண்ணுக்கா என்று நினைக்க அவளுக்கு வெட்கமாகவும் சந்தோஷமாகவும் இருந்தது.

றேணுகாவும் சிரித்தபடியே பைக்குள்ளிருந்து ஒரு டின்னை எடுத்துத் திறந்தார். கல்யாண வீட்டுக்கென்று செய்த பயத்தம் பணியாரம். மேபல் மறுக்கவில்லை, ஒன்று, இரண்டு என்று கை தானாகப் போய் வந்தது. பதிலுக்குத் தன் பையிலிருந்த வெடிங் கேக்கை எடுத்தவள், உடனே முகம் வாடிப்போனாள்.

"முட்டை போட்டது, மிஸ். நிறைய முட்டை."

றேணுகா கேக்கைப் பார்த்தார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வீட்டிலேயே அதை மெல்பன் நேரத்துக்கு மாற்றி வைத்திருந்தார்.

"அங்க ராத்திரி பன்னிரண்டு தாண்டிட்டுது. புதன்கிழமை."

"நாங்க இஞ்சதானே இருக்கிறம்?"

"கல்யாணம் அங்கதானே? நேர்த்தியும் அந்தக் கணக்குத்தான்."

மனேஜரே சரி போட்ட கணக்கை மறுக்க மேபல் யார்? கேக் வெட்டுப்பட்டது. பின்னாலேயே கோழிப் பணிஸும் போனது.

"சம்பந்தி," என்றாள் மேபல். அந்தச் சொல் இதுவரை அவள் வாயில் வந்ததில்லை. "கோயிலை முதல் வைப்பம்."

"சும்மா இருங்கோ மேபலக்கா. உங்கட கேக்கையும் திண்டுபோட்டு நான் அப்பிடிச் செய்வனே? சேர்ச் முதல்."

"இல்ல, கோயில்."

"சேர்ச் எண்டுறன்!"

சத்தம் கூடி, டில்ஷானி என்னவோ ஏதோ என்று ஓடி வந்தாள்.

"இஞ்ச பாருங்க," என்று மேபல் றேணுகாவின் கையைப் பிடித்தாள். "அந்தோனியார் எனக்கு எத்தனையோ தந்திட்டார். இந்த ஒண்டைச் செய்யாட்டி நான் கோவிக்கமாட்டன். உங்களுக்குச் செய்யாட்டி, பிறகு நீங்க அவரிட்டப் போகமாட்டீங்க. அவருக்கு ஓராள் குறையக் கூடாது."

றேணுகா மேபலின் துவாயை வாங்கிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அப்போதுதான் ரொனியின் ஃபோன் கோல் வந்தது. அந்த நேரத்திலும் பிள்ளை நித்திரை இல்லாமல் இருந்திருக்கிறான்.

"அம்மா, என்ன முடிவு? சண்டையா?"

"கோயில் முதல், மகன். நான்தான் சொன்னனான். சம்பந்தி விடுறா இல்ல, வற்புறுத்திச் சம்மதிக்க வைச்சனான்."

ரொனி குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"அம்மா... அந்த லவுன்ஜ் அவ்வளவு நல்லமா?"

மேபல் பலகைச் சுவரைப் பார்த்தாள். உள்ளே மெஷின் திரும்பவும் கத்தத் தொடங்கியது. பக்கத்தில் சம்பந்தி இன்னொரு துண்டு கேக் எடுத்துக்கொண்டிருந்தார்.

"திறம் லவுன்ஜ், மகன்," என்றாள். "குளிக்கத்தான் கிடைக்கேல்ல."