ஸ்ட்ராபெரி மருந்து

காலையில் வாசலில் பெற்றவர்களிடமிருந்து பிள்ளைகளை வாங்கும்போது, வீட்டில் வைத்துப் பிள்ளை பார்க்கிற அத்தை ஒவ்வொன்றையும் இறுக்கி அணைத்துக்கொள்வாள். பார்க்கிறவர்கள் அதைப் பாசம் என்று நினைத்துக்கொள்வார்கள். பாசமும் இருந்தது, இல்லை என்று சொல்வதற்கில்லை. ஆனால் அணைக்கிற சாக்கில் கன்னத்தைப் பிள்ளையின் கழுத்தில் வைத்துச் சூடு பார்ப்பாள். வாயருகே மூக்கைக் கொண்டுபோய் முகர்ந்து பார்ப்பாள். பால் புளித்த வாடை அடித்தால் வயிறு சரியில்லை. ஸ்ட்ராபெரி வாசனை அடித்தால் பெற்றவர்கள் திருட்டுத்தனம் பண்ணியிருக்கிறார்கள்.

காய்ச்சல் மருந்து அந்த வாசனையில்தான் வருகிறது. காலையில் ஒரு மூடி ஊற்றிவிட்டால் போதும், சூடு இறங்கிப் பிள்ளை துள்ளிக்கொண்டு வரும். மதியம் மருந்தின் வேகம் அடங்கியதும் உடம்பு அடுப்பாய்க் கொதிக்கும். அதற்குள் பெற்றவர்கள் அலுவலகத்தில் போய் உட்கார்ந்து, போனை எடுக்க நேரமில்லாத பெரிய மனிதர்களாகிவிடுவார்கள்.

அத்தையிடம் அந்தப் பருப்பு வேகாது. "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. எங்கிட்ட இன்னும் அஞ்சாறு குழந்தைங்க இருக்கு" என்று வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவாள். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனவர்கள் மறுவாரம் பல்லைக் காட்டிக்கொண்டு வருவார்கள்.

அந்த வீறாப்பெல்லாம் அவள் கல்லூரிக்குப் போவதற்கு முன்னால்.

வீட்டில் வைத்துப் பிள்ளை பார்க்கிறவர்களும் குழந்தை வளர்ப்பில் டிப்ளமா முடித்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் உரிமம் புதுப்பிக்கப்படாது என்று சட்டம் வந்தது. மாலை வகுப்பு இருந்தது. படிக்க ஆசையும் இருந்தது. கட்டணத்தைக் கேட்டபோதுதான் தலை சுற்றியது. அவள் புருஷன் பஸ் ஓட்டுகிறவர், சம்பளம் வீட்டுக் கடனுக்கே போய்க்கொண்டிருந்தது. "காலேஜ் பொண்ணு, நான் வேணா பஸ்ல டிக்கெட் இல்லாம கூட்டிட்டுப் போறேன். அதுக்கு மேல நம்மால ஆகாது" என்றார். சிரித்துக்கொண்டே சொன்னாலும் அதுதான் நிலைமை.

அந்த நேரத்தில்தான் பட்டாணியின் அம்மா கை கொடுத்தாள். பட்டாணி மூன்றரை வயதுப் பயல். தலை உருண்டையாக இருப்பதால் அத்தை வைத்த பெயர் அது. அம்மா ஒரு வங்கியில் மேலாளர்.

"நான் கட்டுறேன் அக்கா. திருப்பித் தரவே வேணாம். நீங்க எங்க வீட்டு மனுஷி மாதிரி."

அத்தை அன்று அழுதேவிட்டாள். அந்த அழுகையை இப்போது நினைத்தாலும் அவளுக்குக் கன்னத்தில் அறைந்துகொள்ள வேண்டும் போலிருக்கிறது.

பணம் கட்டிய கையோடு மேலாளரம்மாள் தம்பட்டம் அடித்தாள். மற்ற பெற்றோர் முன்னால், "எங்க அக்காவ நாங்கதான் படிக்க வைக்கிறோம்" என்றாள், ஏதோ தெருவில் கிடந்ததை எடுத்துக் குளிப்பாட்டினவள் மாதிரி. பிறகு மெல்ல மெல்ல ஆரம்பித்தது. மாலை ஆறு மணிக்கு வர வேண்டியவள் ஏழரைக்கு வந்தாள். அத்தைக்கு வகுப்பு இருக்கிற நாள் என்று தெரிந்தும் வந்தாள். ஞாயிற்றுக்கிழமை பயலைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, "முடி வெட்டிட்டு வந்துடறேன்" என்று போய் மாலையில் வந்தாள். எல்லாவற்றுக்கும் ஒரே சிரிப்பு, ஒரே வாக்கியம்: "நமக்குள்ள என்னக்கா?"

ஒருநாள் பட்டாணியை அணைத்தபோது ஸ்ட்ராபெரி வாசனை வந்தது.

அத்தை நிமிர்ந்து பார்த்தாள். மேலாளரம்மாளும் பார்த்தாள். "புது பேஸ்ட் வாங்கியிருக்கோம், பல்லு தேய்க்க அவ்ளோ ஆசை" என்றாள், கண் சிமிட்டாமல். எந்த ஊர்ப் பற்பசை பிள்ளையின் உதட்டோரத்தில் சிவப்பாய் ஒட்டிக்கொண்டிருக்கும்? அத்தைக்குத் தெரியும். அத்தைக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும். படிப்பின் அடுத்த பருவத்துக்கு மேலாளரம்மாள் பணம் கட்ட வேண்டிய வாரம் அது. அத்தை வாயை மூடிக்கொண்டு பயலை உள்ளே வாங்கிக்கொண்டாள்.

மூன்று நாளில் வீடு முழுக்க வாந்தி. பாயில், சுவரில், பொம்மைக் கூடையில், அவள் பாடப் புத்தகத்தின் மேல். அவள் நைட்டியில் புளித்த நாற்றம், அலசினாலும் போகவில்லை. தவளை என்று அவள் கூப்பிடுகிற பத்து மாதக் குழந்தைக்கு ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்ற வேண்டியதாயிற்று. தவளையின் அம்மா தையல் கம்பெனியில் வேலை பார்ப்பவள், வராத நாளுக்குக் கூலி கிடையாது. அவள் வந்து அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு, "பாவம் நீங்க என்னக்கா பண்ணுவீங்க, எங்கேயோ தொத்தியிருக்கு" என்று ஆறுதல் சொன்னாள். அத்தை அந்த ஆறுதலையும் மென்று முழுங்கினாள். வாந்தியைத் துடைக்கும்போது கூட அவளுக்கு அவ்வளவு குமட்டவில்லை.

வகுப்பில் இன்னொரு கூத்து. 'நோயுற்ற குழந்தையும் பராமரிப்பாளரின் கடமையும்' என்று கட்டுரை எழுதச் சொன்னார்கள். அத்தை பிரமாதமாக எழுதினாள். பேராசிரியை அதை வகுப்பில் உரக்கப் படித்துக் காட்டி, "அனுபவம் பேசுது" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். சீ, இதுவும் ஒரு பிழைப்பா என்று அத்தை தலையைக் குனிந்துகொண்டாள். அடக்கம் என்று நினைத்து இன்னும் பலமாகத் தட்டினார்கள்.

செய்முறைத் தேர்வு வந்தது. பேராசிரியை வீட்டுக்கே வந்து அத்தை வேலை செய்வதைப் பார்த்து மதிப்பெண் போடுவார். அதில் தேறினால்தான் அந்தப் பருவம் கணக்கில் வரும். தவறினால் முதலிலிருந்து பணம் கட்டிப் படிக்க வேண்டும். மதியம் வருவதாகச் சொல்லியிருந்தார். அத்தை விடியற்காலையிலேயே எழுந்து தரையைப் பளிங்காகத் தேய்த்து, பொம்மைகளைக் கழுவி அடுக்கினாள்.

பட்டாணி வந்தான். மேலாளரம்மாள் காரிலிருந்து இறங்கக்கூட இல்லை. பயலைப் படியில் விட்டுவிட்டு, "ஆல் தி பெஸ்ட் அக்கா!" என்று கையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள். அத்தை அணைத்தாள். குப்பென்று ஸ்ட்ராபெரி.

கார் தெருமுனை திரும்பும்வரை அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. தேர்வு முடிகிறவரை தாங்கிவிடும் என்று மனசுக்குள் கணக்குப் போட்டாள்.

தாங்கவில்லை. மற்ற பிள்ளைகள் வண்ணம் தீட்டிக்கொண்டிருக்க, பட்டாணி மூலையில் சுருண்டு படுத்தான். தொட்டால் சுட்டது. அத்தை மேலாளரம்மாளுக்குப் போன் போட்டாள். அதிசயமாக எடுத்தாள்.

"அக்கா, மீட்டிங்ல இருக்கேன். அவன் பையில முன்பக்கத்து ஜிப்ல மருந்து இருக்கு. ஒரு மூடி குடுத்துடுங்க. உங்க பரீட்சையும் நல்லபடியா முடிஞ்சிடும், என் மீட்டிங்கும் முடிஞ்சிடும். நமக்குள்ள என்னக்கா?"

ஆக, பையில் போட்டே அனுப்பியிருக்கிறாள். தெரிந்தும் அத்தையின் கை ஜிப்பைத் திறந்தது. பிள்ளைக்குக் காய்ச்சல் இருக்கிறது, மருந்து கொடுப்பதில் என்ன தப்பு, யாராக இருந்தாலும் கொடுப்பார்கள் என்று தனக்குத் தானே வக்கீல் வைத்து வாதாடினாள். பேராசிரியை வந்து போகிறவரை பயல் எழுந்து விளையாடினால் போதும். அவ்வளவுதான் வேண்டும். மூடியில் சிவப்பாய் ஊற்றிக்கொண்டு அவன் அருகில் போய் உட்கார்ந்தாள்.

பட்டாணி பாட்டிலைப் பார்த்தான். யாரும் சொல்லாமலே எழுந்து உட்கார்ந்தான். கண்ணை மூடிக்கொண்டு, வாயை அகலத் திறப்பதற்கு முன்னால், ஒப்பிக்கிற குரலில் சொன்னான்:

"அத்தைகிட்ட சொல்ல மாட்டேன்."

அத்தையின் கை அப்படியே நின்றது.

பயல் வாயைத் திறந்தபடி காத்திருந்தான். ஊற்றாததால் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு, சரியாகச் சொல்லவில்லையோ என்ற பயத்தில் மறுபடியும் சொன்னான். "அத்தைகிட்ட சொல்ல மாட்டேன். சமத்தா இருப்பேன்."

தன் முகத்தையே பார்த்துக்கொண்டு, தன்னிடமே அவன் அதைச் சொல்கிறான். மருந்தை நீட்டுகிறவர்களிடம் சொல்ல வேண்டியது அது என்றுதான் அவனுக்குப் பழக்கியிருக்கிறார்கள். இப்போது நீட்டுகிற கை அவளுடையது. அவளுக்கும் அவன் அம்மாவுக்கும் நடுவில் என்ன வித்தியாசம் என்று தேடிப் பார்த்தாள். ஒன்றும் அகப்படவில்லை.

மூடியில் இருந்ததைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் கொட்டினாள். ஈரத்துணியால் அவன் உடம்பைத் துடைத்துத் தன் அறையில் தனியாகப் படுக்க வைத்து, தண்ணீர் கொடுத்தாள். பிறகு ஒவ்வொரு பெற்றோருக்கும் போன் செய்து வந்து கூட்டிப்போகச் சொன்னாள். தவளையின் அம்மாவிடம் மட்டும் கூடுதலாகச் சொன்னாள். "போன தடவையும் எனக்குத் தெரியும்மா. தெரிஞ்சுதான் அந்தப் பையன உள்ள விட்டேன். எங்கிருந்தோ தொத்தல. எங்கிட்டேருந்துதான்." தையல் மெஷின் சத்தத்துக்கு நடுவே அந்தப் பக்கம் போன் வைக்கப்பட்டது.

பேராசிரியை மணி அடித்தபோது அத்தை கதவைப் பாதிதான் திறந்தாள்.

"உள்ள வராதீங்க மேடம். ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல். மருந்து குடுத்து மறைச்சு அனுப்பியிருக்காங்க. காலையிலேயே தெரியும். பரீட்சைக்காக வாங்கி வச்சுக்கிட்டேன்."

பேராசிரியை கையிலிருந்த மதிப்பெண் தாளை மடித்தார். "நீங்க சொல்லாம இருந்திருந்தா பாஸ் போட்டிருப்பேன். சொன்னதுக்கப்புறம் போட முடியாது. இந்தப் பருவம் போச்சும்மா. பணம் கட்டி மறுபடி சேரணும்" என்றார். திட்டவில்லை. தேற்றவும் இல்லை. அத்தைக்கு அது பிடித்திருந்தது.

மேலாளரம்மாள் வரும்போது மற்ற பிள்ளைகள் எல்லோரும் போய்விட்டிருந்தார்கள். குதிகால் செருப்பு படியில் டக் டக்கென்று வந்தது.

"ஒரு மூடி ஊத்த உங்களுக்கு என்ன கஷ்டம்? பெரிய மீட்டிங்ல இருந்து எழுந்து வந்திருக்கேன். உங்களுக்காக எவ்ளோ செலவு பண்ணியிருக்கேன், கொஞ்சமாவது நன்றி வேணாமா?"

"இருந்துச்சும்மா. அதனாலதான் இவ்ளோ நாள் மோந்து பாத்தும் மோக்காத மாதிரி இருந்தேன். கட்டின பணத்த மாசாமாசம் கொஞ்சமா திருப்பித் தந்துடறேன். நாளையிலிருந்து வேற இடம் பாத்துக்கங்க."

"அடுத்த பருவத்துக்கு யார் கட்டுவான்னு பாக்கறேன்" என்று சொல்லிவிட்டு, அவள் பயலை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டாள். அத்தைக்கும் அது தெரியவில்லை. தெரியாததை முகத்தில் காட்டிக்கொள்ளாமல் நின்றாள்.

தோளில் கிடந்த பட்டாணி இருவர் குரலிலும் இருந்த கோபத்தைக் கேட்டு மிரண்டுபோயிருந்தான். அம்மாவின் கன்னத்தைக் கையால் திருப்பி அழ ஆரம்பித்தான்.

"நான் சொல்லலம்மா. அத்தைகிட்ட நான் சொல்லவே இல்ல."

மேலாளரம்மாள் படியிலேயே நின்றாள். திரும்பிப் பார்க்கவில்லை. கழுத்து மட்டும் சிவந்துகொண்டே போனது.

"நீ சொல்லலடா கண்ணு" என்றாள் அத்தை. "அத்தைதான் சொன்னேன்."

கார் போனதும் உள்ளே வந்து, தொட்டியில் ஒட்டிக்கொண்டிருந்த சிவப்பைத் தேய்த்துக் கழுவினாள்.