கூட வந்தவை

அண்ணன் தம்பி மூவரில் சின்னவன் வீட்டுக் குளியலறையில் செத்த ஆமைகள் குளிக்கத் தொடங்கி இது ஏழாவது வருடம். அவன் சுருக்குவலைக்காரன். சூரை மீன் கூட்டத்தை வளைத்து அடியைச் சுருக்கும்போது சேர்ந்து மாட்டுகிற ஆமை, சுறா, மீன்குஞ்சு எல்லாவற்றுக்கும் எங்கள் துறைமுகத்தில் ஒரே பெயர்: 'கூட வந்தது'. செத்ததும் தூக்கிக் கடலில் எறிந்துவிடுவார்கள். அவை அந்தப் பெயரை நம்பி வீடு வரைக்கும் கூட வந்துவிட்டன. மைல் கணக்கில் கயிறு விட்டு ஆயிரம் தூண்டில் முள் தொங்கவிடுகிற நடுவன் வீட்டுக்கு வந்தவை, இரைக்குப் பாய்ந்து மூழ்கிய கடற்பறவைகள். வாயில் முள்ளோடு துணிக்கொடியில் உட்கார்ந்திருக்கும். பார்க்க வருகிறவர்களுக்கு நாற்காலி போதவில்லை என்று இரண்டு வீட்டிலும் சலித்துக்கொள்வார்கள். சலிப்பில் பாதி பெருமை.

பெரியவன் கழித்தூண்டில்காரன். ஒவ்வொரு சூரையாக வீசி எடுப்பான். வேண்டாதது மாட்டினால் உயிரோடு விட்டுவிடுவான். அவன் வீட்டை ஒரு நண்டுகூட எட்டிப் பார்க்கவில்லை. அவன் மனைவிக்கு வயிறு எரிந்தது. சும்மா சொல்லவில்லை, அவள் பக்கத்தில் பிடித்தால் ஈரத்துண்டு காய்ந்தது, பக்கத்து வீட்டிலிருக்கும் நானே காய வைத்திருக்கிறேன். ஓரகத்தி, சின்னவன் மனைவி வேறு ஒருநாள் தோளில் துண்டோடு வந்து, "ஆமை எந்திரிக்கவே மாட்டேங்குதுக்கா, உங்க வீட்டுல குளிச்சுக்கிறேன். அங்கதான் யாரும் வர்றதில்லையே" என்றாள். அன்றைக்கு எரிந்ததில் மூன்று துண்டு காய்ந்தது.

அன்று கணவன் வந்து கை கழுவுவதற்குள் பிடித்துக்கொண்டாள். நாளையிலிருந்து தம்பியின் வலைக்குப் போங்கள், இல்லாவிட்டால் நான் என் அண்ணன் வீட்டுக்குப் போகிறேன் என்றாள். கூட வந்தது ஒன்றுமில்லை என்பதுதான் தன் தொழிலின் மரியாதை என்று அவன் ஆரம்பித்தான்.

"அப்ப சூரையைக் கூப்பிட தொட்டி தொட்டியா பொடிமீனை உயிரோட அள்ளி வீசுறீங்களே, அது?"

"அது இரை. கூட வந்ததில்ல, நான் கூட்டிட்டுப் போனது."

"கூட்டிட்டுப் போனவருதானே திரும்பக் கூட்டிட்டு வரணும்?"

இருபது வருடமாக யாரும் அவனிடம் அதைக் கேட்டதில்லை. மறுநாளைக்கான தூண்டில்களைக் கட்டி வைத்துவிட்டுத் தூங்கிப்போனான்.

விடிந்தபோது அவர்கள் வீட்டுக் குடம், வாளி, தேநீர்க் கெட்டில் எல்லாவற்றிலும் நகக்கண் அளவுப் பொடிமீன்கள். அவன் எந்தப் பக்கம் நடந்தாலும் அந்தப் பக்கம் திரும்பி வாயைத் திறக்கின்றன. அவன் இப்போதெல்லாம் தலைகுனிந்தபடிதான் சாப்பிடுகிறான். அவளோ நிறைகுடத்தை இடுப்பில் வைத்து, இரண்டு ஓரகத்திகளின் வாசலையும் சுற்றிக்கொண்டு நடக்கிறாள். ஆமையையும் பறவையையும் விரல் விட்டு எண்ணலாம், இதை எண்ணச் சொல்லுங்கள் பார்ப்போம் என்கிறாள். தண்ணீர் கேட்டால் வடிகட்டித் தருகிறாள். வயிறும் குளிர்ந்துவிட்டது. எனக்குத்தான், மழைநாளில் துண்டு காய்வதில்லை.